எட்கர் தர்ஸ்டன்: தலைகளை அளந்தவர் மெரினாவுக்கு ஒரு கண்ணாடிக் கடலைத் திட்டமிட்ட கதை

ஆபீஸ் மேசையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், நீல விளக்கு, ஒரு ஜோடி கோமாளி மீன், மெல்ல அசையும் பவளம். இதற்கு நானோ ரீஃப் டேங்க் என்று பெயர். வீடியோவில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். நாகர்கோவில் மாதிரி ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு யோசனையும் சேர்ந்தே வரும். கடல்தான் பக்கத்திலேயே இருக்கே, ஒரு கேன் தண்ணீரும் ரெண்டு கல்லும் எடுத்து வந்தால் போதாதா?

போதாது. ஏன் போதாது என்பதைப் புரிந்துகொள்ள, கடலைக் கண்ணாடிக்குள் கொண்டுவர சென்னையில் நடந்த பழைய முயற்சி ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அதற்குத் திட்டம் போட்டவர் எட்கர் தர்ஸ்டன். இந்தப் பெயர் பலருக்கும் தெரிந்திருக்கும், ஆனால் வேறு காரணத்துக்காக. தென்னிந்தியாவின் சாதிகளையும் பழங்குடிகளையும் 7 தொகுதிகளாகப் பட்டியல் போட்டவர் என்றுதான் அவரைப் புத்தகங்கள் சொல்கின்றன. அவருடைய முதல் காதல் கடல் என்பது அந்தத் தடிமனான புத்தகங்களுக்குப் பின்னால் மறைந்துபோனது.

யார் இந்த தர்ஸ்டன்?

1855-ல் பிறந்தவர். லண்டன் கியூ பகுதியைச் சேர்ந்த குடும்பம். ஈட்டன் பள்ளியில் படித்துவிட்டு, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் முடித்தார். கென்ட் பகுதியில் ஒரு மனநல மருத்துவமனையில் கொஞ்ச காலம் வேலை. பிறகு கிங்ஸ் கல்லூரியின் அருங்காட்சியகத்திலேயே காப்பாளர் ஆனார். அதாவது, நோயாளிகளைப் பார்க்கும் வேலையை விட்டு, பாட்டில்களைப் பார்க்கும் வேலைக்கு வந்துவிட்டார்.

1885-ல் சென்னை வந்தார். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் பதவி. அப்போது அவருக்கு வயது 30. அடுத்த 23 வருடங்கள், 1908 வரை, அதே நாற்காலி. அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் கன்னிமாரா நூலகம் 1896-ல் திறக்கப்பட்டது அவர் காலத்தில்தான்.

அந்தக் காலத்தில் அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் என்றால் எல்லாமே அவர்தான். நாணயம், சிலை, பாறை, பறவை, பாம்பு, மீன் எல்லாவற்றையும் சேகரிக்கணும், பெயர் எழுதணும், அலமாரியில் வைக்கணும். இத்தனைக்கும் நடுவில் தர்ஸ்டன் தேர்ந்தெடுத்த இடம் மன்னார் வளைகுடா.

பாம்பனில் என்ன தேடினார்?

சென்னைக்கு வந்த சில வருடங்களிலேயே ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் போகத் தொடங்கினார். ராமேஸ்வரம் மற்றும் சுற்றியுள்ள தீவுகளின் கடல் உயிரினங்கள் பற்றி 1887-ல் முதற்கட்ட அறிக்கை வந்தது. 1890-ல் முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு, மன்னார் வளைகுடா உயிரினங்கள் பற்றிய குறிப்புகள். 1895-ல் ராமேஸ்வரம் தீவு பற்றி இன்னொரு நூல். எட்டு ஆண்டுகளில் ஒரே கடலைப் பற்றி மூன்று வெளியீடுகள்.

அவர் சேகரித்தவை அலமாரியிலேயே தூங்கவில்லை. கடற்பஞ்சுகள் ஆர்தர் டெண்டி என்ற விலங்கியலாளரிடம் போயின. அவர் அவற்றை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். நண்டு, இறால் வகைகளை ஜே.ஆர். ஹென்டர்சன் ஆராய்ந்தார். இவர் அப்போது மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்பவும் வருவார்.

இன்றைக்கு மன்னார் வளைகுடா என்றாலே பவளப்பாறை என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்போது அப்படி இல்லை. கடலோர மக்களுக்குத் தெரிந்திருந்தது. அறிவியல் உலகத்துக்கு அந்தக் கடலில் என்னென்ன இருக்கிறது என்று முறையாகப் பட்டியல் போட்டுக் காட்டிய ஆரம்பகால ஆட்களில் தர்ஸ்டன் ஒருவர். ஆழத்தில் இருந்த பொருட்களை மேலே கொண்டுவந்தவர்கள் மூச்சடக்கி முழுகத் தெரிந்த இந்தக் கரையின் ஆட்கள். நூலில் பெயர் வந்தது சேகரித்த அதிகாரிக்கு, முழுகியவர்களுக்கு இல்லை.

ஸ்பிரிட் பாட்டிலின் பிரச்னை

சேகரித்ததை எப்படிப் பாதுகாப்பது? அன்றைய வழக்கமான வழி, சாராயத்தில் ஊற வைப்பது. அறிவியலுக்கு அது போதும். உடல் அழுகாது, உறுப்புகளை எண்ணலாம், ஒப்பிடலாம்.

ஆனால், ஸ்பிரிட்டில் போட்டதும் நிறம் போய்விடும். நீலமும் ஆரஞ்சுமாக இருந்த மீன் சில வாரங்களில் வெளிறிய பழுப்பாகிவிடும். பவளத்தின் கதை இன்னும் மோசம். அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கும் வெள்ளைப் பவளம், பவளமே இல்லை. அது பவளம் கட்டிய வீடு. வீட்டுக்காரர் செத்துப் போயாச்சு.

உயிருள்ள பவளம் என்பது ஆயிரக்கணக்கான குட்டி விலங்குகளின் கூட்டம். ஒவ்வொன்றின் திசுவுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கும். வெளிச்சத்தை வைத்து அவை உணவு தயாரித்துத் தரும். பவளத்தின் நிறத்தில் பெரும்பங்கு அந்தப் பாசிகளுடையது. தண்ணீரை விட்டு எடுத்தால் இந்தக் கூட்டுக்குடும்பம் கலைந்துவிடும். மிச்சம் இருப்பது சுண்ணாம்பு மட்டும்.

அதாவது, அருங்காட்சியகத்தால் கடலின் எலும்பைக் காட்ட முடியும். கடலைக் காட்ட முடியாது.

கடலிலிருந்து காலிப்பருக்கு

1890-களின் நடுவில் தர்ஸ்டனின் பாதை திரும்பியது. மீன்களையும் நண்டுகளையும் அளந்த கை, மனிதர்களை அளக்கத் தொடங்கியது. நீலகிரியில் தோடர், கோத்தர், படுகர் ஆகியோரிடமிருந்து ஆரம்பித்தார். காலிப்பர் கருவியை வைத்துத் தலையின் நீளம், அகலம், மூக்கின் அகலம் என்று அளந்து எழுதினார். அருங்காட்சியகத்தைப் பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. சென்னை மாகாணப் போலீஸாருக்கு உடல் அளவை வைத்து ஆட்களை அடையாளம் காண்பது எப்படி என்று பாடமும் எடுத்தார்.

1901-ல் பிரிட்டிஷ் அரசு இந்தியா முழுவதும் இனவரைவியல் கணக்கெடுப்பை ஆரம்பித்தபோது, சென்னை மாகாணத்துக்குப் பொறுப்பாளர் தர்ஸ்டன்தான். உதவிக்கு கே. ரங்காச்சாரி. அதன் விளைவுதான் 1909-ல் வெளிவந்த 7 தொகுதிகள். தமிழில் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற பெயரில் வந்ததும் இதே நூல்தான்.

இதில் நம்ம ஊரும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ல்தான். தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரத்து நாஞ்சில் நாட்டு வேளாளர்கள், மலையில் வாழும் காணிக்காரர்கள், கடற்கரை முக்குவர்கள் என இந்தப் பகுதி மக்கள் பலர் அந்தத் தொகுதிகளில் தனித்தனித் தலைப்புகளாக வருகிறார்கள். திருவிதாங்கூர் பற்றிய தகவல்களுக்கு அங்குள்ள அதிகாரி என். சுப்பிரமணிய ஐயரின் குறிப்புகளைத் தர்ஸ்டன் நிறையவே பயன்படுத்தினார்.

நூலின் பயன் பெரியது. இன்றும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள். ஆனால், அதன் அடிப்படை யோசனை இன்று செல்லாது. மூக்கின் அகலத்தை வைத்து ஒரு சமூகத்தின் இடத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையை அறிவியல் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டது. கொண்டும் கொடுத்தும் மாறிக்கொண்டே இருக்கும் மனிதக் கூட்டங்களை மாறாத வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள் ஒட்டியது அந்தத் திட்டம். பாம்பன் கடற்பஞ்சுக்குச் செய்ததையே மனிதர்களுக்கும் செய்தது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு உதாரணம் நம்மிடமே இருக்கு. நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் இருந்த மருமக்கள் வழி சொத்துரிமையைத் தர்ஸ்டனின் தொகுதி ஒரு வழக்கமாகப் பதிவு செய்கிறது. அதே வழக்கத்தை உள்ளிருந்து பார்த்து, அது வீட்டுக்குள் என்ன பாடு படுத்தியது என்று கிண்டலும் வேதனையுமாக எழுதியவர் தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. நூல் பெயர் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'. முதலாவது பாட்டிலில் இருக்கும் மீன். இரண்டாவது நீந்தும் மீன்.

1909: அக்டோபரில் திறந்த கடல்

விசித்திரம் என்னவென்றால், அதே 1909-ல் தர்ஸ்டனின் இன்னொரு திட்டமும் வெளியே வந்தது. சென்னை மெரினாவில் கடல்நீர் மீன்காட்சியகம். 1909 அக்டோபர் 21-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

கண்ணாடித் தொட்டியில் கடலை வைப்பது அப்போது உலகத்துக்கே பெரிய பழைய விஷயம் இல்லை. 1846-ல் அன்னா தின் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்க்கே கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை ஜாடியில் லண்டன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்தக் கடற்கரை 100 மைலுக்கு மேல் தள்ளி. ஏர் பம்ப் கிடையாது. தண்ணீரில் காற்று கலக்க, அதைப் பாத்திரம் மாற்றி ஊற்றிக்கொண்டே இருக்கணும். அந்த வேலை வீட்டுப் பணிப்பெண்ணின் தலையில் விழுந்தது. பவளங்கள் பிழைத்தன. 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலை முதல் பொது மீன்காட்சியகத்தைத் திறந்தது. பிறகு ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு தொட்டி மோகம்.

மெரினாவில் திறக்கப்பட்டது, இந்தியாவின் முதல் கடல் மீன்காட்சியகமாகச் சொல்லப்படுகிறது. திட்டமிட்டவர் தர்ஸ்டன். ஆனால், திறப்பு விழா நடந்தபோது அவர் பதவியில் இல்லை. 1908-லேயே ஓய்வு. தொட்டிகளை நடத்தும் பொறுப்பு ஹென்டர்சனிடம் வந்தது. ஆமாம், பாம்பன் நண்டுகளை ஆராய்ந்த அதே பேராசிரியர்தான்.

பாட்டிலில் இருந்து தொட்டிக்கு. கேட்க சின்ன மாற்றம் மாதிரி தெரியும். ஆனால், பாட்டிலில் இருக்கும் மீனுக்கு மூடி இறுக்கமாக இருந்தால் போதும், 100 வருடம் இருக்கும். தொட்டியில் இருக்கும் மீனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது.

கடலுக்குப் பக்கத்தில் ஏன்?

மெரினாவைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. மீனும் தண்ணீரும் இரண்டுமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. கடல் மிகப் பெரியது என்பதுதான் அதன் பலம். மீன் கழிவை வெளியேற்றினால் அது கோடிக்கணக்கான லிட்டரில் கரைந்துவிடும். தொட்டியில் அப்படி ஓட இடம் கிடையாது.

இதை ஒரு ஆபீஸ் தொட்டியை வைத்தே பார்க்கலாம்.

- கழிவு: மீனின் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா வரும். அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது ஓரளவுக்குத் தாங்கக்கூடியது. இந்த பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றைக்கே மீனை விட்டால் அது செத்துப்போகும் காரணம் இதுதான்.

- உப்பு: கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 40 லிட்டர் தொட்டியில் 1,400 கிராம். ஒரு வாரத்தில் 4 லிட்டர் ஆவியானால், போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே இருக்கும். இப்போது 36 லிட்டரில் 1,400 கிராம், அதாவது லிட்டருக்கு கிட்டத்தட்ட 39 கிராம். சரி, கடல் தண்ணீர் ஊற்றி நிரப்பிடலாமா? அதில் இன்னும் 140 கிராம் உப்பு வரும். லிட்டருக்கு 38.5 கிராம் ஆகும். பிரச்னை தீரவே தீராது. ஆவியான அளவுக்கு உப்பில்லாத, சுத்திகரித்த நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அதுவும் அன்றாடம்.

- சூடு: பவளத் தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் நல்லது. வெள்ளி மாலை ஏசியை அணைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டால், ஏப்ரல், மே மாதத்தில் திங்கள் காலை தொட்டி எத்தனை டிகிரியில் இருக்கும்?

தொட்டி சின்னதாக ஆக ஆக இந்த மூன்றுமே வேகமாக மாறும். 400 லிட்டர் தொட்டியில் 4 லிட்டர் ஆவியானால் மீனுக்குத் தெரியவே தெரியாது. சின்னத் தொட்டி சுலபம் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் சின்னதுதான் கஷ்டம்.

அப்போ நம்ம கடற்கரையில் இருந்து எடுத்தால்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். தண்ணீரிலிருந்தே ஆரம்பிக்கலாம். துறைமுகம், ஆற்று முகத்துவாரம், ஊர்ப்பக்கக் கரை ஆகிய இடங்களில் டீசல், சாக்கடை, மண் எல்லாம் கலந்திருக்கும். மழைக்காலத்தில் கரையோரத்து உப்பின் அளவும் குறையும். அதனால்தான் அனுபவசாலிகள் சுத்திகரித்த தண்ணீரில் செயற்கைக் கடல் உப்பைக் கலந்து பயன்படுத்துகிறார்கள்.

அடுத்தது மணல். மணவாளக்குறிச்சி கரையில் கறுப்பு மணலைப் பார்த்திருப்பீர்கள். இல்மனைட், மோனசைட் போன்ற கனிமங்கள் அதில் இருக்கின்றன, மத்திய அரசு நிறுவனமே அங்கு அதைப் பிரித்தெடுக்கிறது. பவளத் தொட்டிக்குத் தேவை சுண்ணாம்புச் சத்துள்ள மணல். இது வேறு, அது வேறு. கரை மணலை அள்ளுவதே சட்டப் பிரச்னை என்பது தனி.

மூன்றாவதுதான் பெரிய விஷயம்: பவளம்.

சுண்ணாம்புக்குப் போன தீவுகள்

தர்ஸ்டன் ஆராய்ந்த அதே மன்னார் வளைகுடாவில், அவருக்குப் பின் வந்த தலைமுறைகள் பவளத்தை டன் கணக்கில் வெட்டி எடுத்தன. கட்டடக் கல்லுக்கு, சுண்ணாம்புக்கு, தொழிற்சாலைக்கு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. தீவைத் தாங்கிப் பிடித்திருந்த பவளத்தை வெட்டியது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

1986-ல் அந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. அதன் பரப்பு சுமார் 10,500 சதுர கிலோமீட்டர், ராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரி வரை. அதாவது, நம்ம முக்கடல் முனை வரைக்கும்.

2001-ல் சட்டம் இறுகியது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் அனைத்தும், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறி ஆகியவை சேர்க்கப்பட்டன. கடல் குதிரை, கடல் அட்டை, சில வகைச் சங்கு, சிப்பிகளும் அந்த ஆண்டு பாதுகாப்புக்குள் வந்தன. முதல் அட்டவணை என்றால், புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மீறினால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். செத்த பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். கரையில் ஒதுங்கிக் கிடந்தது, அழகாக இருந்தது, எடுத்தேன் என்ற பதில் நிற்காது.

ஆக, ஆபீஸ் தொட்டிக்காக நம் கடலிலிருந்து உயிருள்ள பவளமோ, பவளக் கல்லோ எடுத்தால் அது பொழுதுபோக்கு இல்லை, குற்றம்.

பிறகு எப்படி வைப்பது?

ஆசையை விட்டுவிடத் தேவையில்லை. பவளம் இல்லாமலேயே ஒரு நல்ல கடல் தொட்டி வைக்கலாம். கடல் கல்லுக்குப் பதில் பீங்கானில் செய்த செயற்கைக் கல் கிடைக்கிறது. பாக்டீரியா அதிலும் குடியேறும். மீன் வேண்டுமென்றால், கடலில் பிடித்ததைவிட குஞ்சுப்பொரிப்பகத்தில் வளர்த்த கோமாளி மீன் நல்லது. அது தொட்டியிலேயே பிறந்தது, தீனிக்கும் பழகியிருக்கும்.

இந்த விஷயத்தில் நமக்குப் பக்கத்திலேயே வேலை நடந்திருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கப்பட்டது. ரொம்ப காலம் மண்டபத்தில்தான் தலைமையகம். அதன் மண்டபம், விழிஞ்ஞம் மையங்கள் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்து குஞ்சு பொரிக்க வைக்கும் முறைகளை உருவாக்கின. களியக்காவிளை தாண்டினால் விழிஞ்ஞம் தூரமில்லை. தொட்டி வாங்கும் முன் அங்குள்ள மீன்காட்சியகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால், கடைக்காரர் சொல்வதில் எது சரி என்று உங்களுக்கே புரியும்.

கடையில் வாங்கும்போது கேட்க வேண்டியவை மூன்று. மீன் எங்கே பிறந்தது? பில் உண்டா? பவளம் என்று எதையாவது காட்டினால், அது சட்டப்படி விற்கக்கூடியதா, ஆவணம் எங்கே? மழுப்பலான பதில் வந்தால் வாங்காதீர்கள்.

ஆபீஸ் என்பதால் நாலாவது கேள்வி ஒன்று உண்டு, அது உங்களுக்கானது. நீங்கள் லீவில் போனால் யார் பார்ப்பார்கள்? பவர் கட் ஆனால் யார் பம்ப்பை ஓட வைப்பார்கள்? அன்னா தின் வீட்டுப் பணிப்பெண்ணுக்குப் பெயர் வரலாற்றில் இல்லை. உங்கள் ஆபீஸ் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு அந்த வேலை சொல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிடக் கூடாது.

தர்ஸ்டனுக்குப் பின்

மெரினா மீன்காட்சியகத்தை அருங்காட்சியகம் பத்து வருடம் நடத்தியது. 1919-ல் அது மீன்வளத்துறைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது, சென்னை மீது ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் மூடப்பட்டது. கடலுக்கு அருகில் இருந்ததுதான் அதன் பலமாக இருந்தது. அதே இடம்தான் கடைசியில் அதற்கு ஆபத்தாகவும் ஆனது.

தர்ஸ்டன் இங்கிலாந்து திரும்பியதும் கடலுக்கும் வரவில்லை, காலிப்பரையும் தொடவில்லை. செடிகளுக்குப் போய்விட்டார். கார்ன்வால் பகுதியின் தாவரங்களைச் சேகரித்து, 1922-ல் இன்னொருவருடன் சேர்ந்து அந்தப் பகுதித் தாவரப் பட்டியலுக்கு ஒரு பிற்சேர்க்கை வெளியிட்டார். 1930-ல் கார்ன்வால் மரங்கள் பற்றி ஒரு நூல். 1935-ல் பென்சான்ஸ் என்ற கடலோர ஊரில் இறந்தார். வயது 80. நாணயம், பவளம், மனிதர், மரம் என்று வாழ்க்கை முழுக்கப் பட்டியல் போட்ட மனிதர்.

அந்தப் பட்டியல்களுக்கு நடுவே அவர் திட்டமிட்ட ஒரே ஒரு உயிருள்ள பொருள் மெரினா தொட்டிகள்தான். அது இன்று இல்லை. பட்டியல்கள் எல்லாம் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இதில் ஆச்சரியமில்லை. செத்ததைப் பாதுகாப்பது சுலபம். உயிரோடு இருப்பதைப் பாதுகாக்க, யாராவது ஒருவர் தினமும் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

தொட்டியும் கடலும் ஒன்றுதான்

2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தன. காரணம், கடல் சூடானது. வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன் திசுவில் இருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போய் வெள்ளையாக நிற்கும். சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். தர்ஸ்டன் காலத்து அலமாரியில் இருந்த அதே வெள்ளை, இப்போது கடலுக்குள்ளேயே.

திங்கள் காலை ஏசி இல்லாத ஆபீஸில் தொட்டிக்கு நடப்பதும் இதேதான். ஒரே வித்தியாசம், தொட்டிக்கு ஒரு சிறிய விசிறியோ குளிரூட்டியோ வைத்து நாம் சூட்டைக் குறைக்கலாம். கடலுக்கு அப்படி ஒரு ஸ்விட்ச் இல்லை.

தர்ஸ்டனின் பெயர் இன்னும் ஒரு உயிரோடு நீந்திக்கொண்டிருக்கிறது. தலையின் முன்னால் கொம்பு மாதிரி இரண்டு மடல்கள் கொண்ட ஒரு திருக்கை வகைக்கு, 1908-ல் ஆர்.இ. லாயிட் என்ற விலங்கியலாளர் அவர் பெயரைச் சூட்டினார். மொபுலா தர்ஸ்டனி. இந்தியக் கடல்களில் வாழ்கிறது. இந்தக் கொம்புத் திருக்கைக் குடும்பத்து மீன்கள் குமரி மீனவர்களுக்குப் புதிதல்ல. அது எந்த ஆபீஸ் தொட்டியிலும் அடங்காது. மொபுலா தர்ஸ்டனி இப்போது உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.